பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊரில் ஓடுகிற கார்களில் பாதியை அவர்தான் ஓடவைத்தார், அந்தப் பாதிதான் மீதிப் பாதியை இடித்தது என்று. இது பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. இடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த தெரு ஸ்கூலில் படித்தவர்கள் என்பதை மாஸ்டர் பெயர், கார் நிறம், நசுங்கிய இடம் உட்பட ஆதாரத்தோடு நிரூபிப்பார்.

ஆனால் 'பிரேக் மாஸ்டர்' என்ற பட்டப்பெயர் பொறாமையில் வந்ததல்ல, சேவைக்குக் கிடைத்தது. பயிற்சிக் காரில் இடது பக்கத்து ஸீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. முப்பது வருஷமாக அவற்றின் மேல் இருந்தவை மாஸ்டரின் கால்கள். வலது பக்கம் ஸ்டியரிங்கோடு சேர்த்து உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு மாணவர் உட்கார்ந்திருப்பார். இடது பக்கம் அந்த மாணவரின் உயிரையும், குறுக்கே வரும் ஆட்டின் உயிரையும், ஓரமாக நிற்கும் தள்ளுவண்டிக்காரர் உயிரையும் காலில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருப்பார்.

காலைவிட முக்கியமான கருவி அவருடைய வாய். திட்டாமல் சொல்லிக்கொடுத்தால் வித்தை தங்காது என்பது அவருடைய கல்விக் கொள்கை.

"கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, பவுடர் போடவா? மிரரைப் பாரு!"

"ஸ்டியரிங்கைப் பிடின்னு சொன்னா கோழி கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற!"

"யாரைக் கேட்டுத் திருப்பின? ரோடு உங்க மாமனார் எழுதி வச்சதா?"

இதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு நடுரோட்டில் இறங்கிப் போனவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அவர்களே வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். மாஸ்டரிடம் திட்டு வாங்கினவருக்கு லைசென்ஸ் நிச்சயம் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பிக்கையைக் கெடுப்பது பாவம் என்று மாஸ்டரும் குறைவில்லாமல் திட்டினார்.

இவ்வளவு பெரிய மனிதரின் வாழ்க்கையில் சின்ன விஷயம் ஒன்று விடுபட்டுப்போயிருந்தது. அவர் கார் ஓட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. தேவை வரவில்லை. எங்கே கிளம்பினாலும் ஸ்டியரிங்கில் உட்கார ஒரு மாணவர் காத்திருப்பார். பயிற்சிக்குப் பயிற்சி, பயணத்துக்குப் பயணம், பெட்ரோலும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரி, உறவுக்காரர் வீட்டு விசேஷம், மகளைக் கல்லூரியில் சேர்த்தது எல்லாமே எல் போர்டு மாட்டிய வண்டியில்தான். முன்னால் மாணவரும் மாஸ்டரும், பின்னால் மனைவியும் மகளும். இரண்டாம் கியருக்கு மேல் போகாத அந்த வண்டியில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவும் சத்தம்தான் அவர்களை வரவேற்கும்.

மாஸ்டரின் மனைவி அந்த ஸ்கூலின் மற்றொரு தூண். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம், அதற்குக் கீழே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர். யாருக்குக் காலை ஆறு மணி, யாருக்கு மாலை ஐந்து மணி என்று பிரித்துக்கொடுப்பது, கண் பரிசோதனைக்கு அனுப்புவது, திட்டு வாங்கி வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "அவர் வாய்தான் அப்படிங்க, மனசு தங்கம்" என்று ஆறுதல் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. சுவரில் இருந்த குறியீடு ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. வண்டி ஓட்ட மட்டும் தெரியாது. கற்றுக்கொடுக்க மாஸ்டருக்கு நேரமில்லை. வைத்தியர் வீட்டில்தானே நோயாளி கடைசியாக மருந்து வாங்குவார்?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் இருவரையும் அழைத்தபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்க போயாவது, ஒரே ஒரு தடவ, நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸீட்ல உட்காரணும். வேற யாராவது ஓட்டணும். நாம பாட்டுக்கு வெளிய வேடிக்கை பார்த்துக்கிட்டுப் போகணும். வேறெதுவும் வேணாம்."

"இதுக்காகவா வெளிநாடு போகணும்?" என்று சிரித்தார் மாஸ்டர்.

"வேற எதுக்குப் போறாங்க?" என்றார் மனைவி.

மகளின் வீடு நான்காவது மாடியில், இரண்டே அறைகள். சோபாவை இழுத்தால் படுக்கை, மடக்கினால் வரவேற்பறை. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் ஸ்டாப். மாஸ்டர் டிவி பார்த்தார். மனைவி பஸ் பார்த்தார். வயதானவர்கள் ஏற வந்தால் அந்த ஊர் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, அவர்கள் பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்து நின்றது.

"என்னங்க, இங்க வாங்களேன்! பெரியவங்களைப் பார்த்தா பஸ்ஸே மண்டி போடுதுங்க! நம்ம ஊர்ல மனுஷனே குனிய மாட்டான்."

"அது காத்து சஸ்பென்ஷன். காத்தை இறக்கிவிட்டா தாழும்" என்று சோபாவிலிருந்தே அதன் மர்மத்தை உடைத்தார் மாஸ்டர். மனைவி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் ஒரு திட்டம் போட்டாள். கடலை ஒட்டியே போகும் சாலை ஒன்று உண்டு. அதன் முடிவில் ஒரு சின்ன ஊர், அழகான கடற்கரை. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். பஸ், ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும் அட்டை இரண்டு வாங்கி வைத்திருந்தாள். மனைவி தன் அட்டையைக் கைப்பையின் உள் ஜிப்பில், பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டார். மாஸ்டர் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"கார் வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

"எதுக்குப்பா? அங்க பார்க்கிங்கே கிடைக்காது. பஸ் கடற்கரை வாசல்லயே இறக்கி விடும்" என்றாள் மகள்.

"பஸ்ல போனா அவன் நிறுத்துற இடத்துலதான் இறங்கணும். கார்ல போனா நாம நினைச்ச இடத்துல நிறுத்தலாம். ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறதா? நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"யாருப்பா கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்கன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

மாப்பிள்ளை, "மாமா சொல்றதும் சரிதான். அத்தை ஆசைப்படறதும் நியாயம்தான்" என்றார். இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நேராகப் போகத் தெரிந்த பிள்ளை.

"பக்கத்து ஸீட்டுதானே உனக்கு வேணும்? கார்ல பக்கத்துலதானே உட்காரப் போற?" என்று மனைவியிடம் கேட்டார் மாஸ்டர்.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தார். கேள்வியில் எங்கேயோ ஓட்டை இருந்தது. ஆனால் எந்த இடத்தில் என்று விரல் வைக்க முடியவில்லை. "சரி" என்றார்.

அந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். மற்றவர்கள் இதைக் கேட்டால் பயப்படுவார்கள். மாஸ்டருக்கோ சொந்த வீட்டுக்குத் திரும்பியது போல இருந்தது. முப்பது வருஷம் இடது பக்கமே உட்கார்ந்தவர் அல்லவா? "நான் வருவேன்னு தெரிஞ்சு எடுத்து இந்தப் பக்கம் வச்சிருக்கான்" என்று வாடகைக் கார் ஆபீஸ் வாசலில் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். உள்ளே இருந்த பெண், இன்னொருவர் பெயரையும் டிரைவராகச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். மாஸ்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

கார் சாம்பல் நிறம், புத்தம் புதிது. மாப்பிள்ளை இருவரையும் வழியனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் முதல் அதிர்ச்சி. கிளட்ச் இல்லை. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி. மாஸ்டரின் இடது கால், ஓய்வு பெற்ற அதிகாரி போல, எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது. பழக்க தோஷத்தில் அது கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. சிக்கியது பிரேக். கார் குதித்து நின்றது. மனைவியின் நெற்றி முன்னால் போய் வந்தது.

"ஏன் நிறுத்தின?" என்றார் மாஸ்டர்.

மனைவி திரும்பிப் பின் ஸீட்டைப் பார்த்தார். யாரும் இல்லை.

"யாரைக் கேக்கறீங்க?"

"பேச்சு வேணாம். ரோட்டைப் பாரு."

இந்தத் தவறைச் செய்ய உலகத்தில் வேறு யாராலும் முடியாது. அதற்கு முப்பது வருஷ அனுபவம் வேண்டும். மாஸ்டர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் வலது பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. வண்டி தப்பாகப் போனது. இந்த மூன்றும் கூடினால் என்ன நடக்க வேண்டுமோ அதுதான் நடந்தது. தப்பு செய்த கால் தன் கால் என்பது அவர் மூளைக்கு எட்டுவதற்குள், வாய் தன் கடமையை முடித்துவிட்டிருந்தது.

ரவுண்டானாவில் தவறான வழியில் போனபோது, "யாரைக் கேட்டு உள்ள வந்த?" என்றார்.

"நானா வந்தேன்?"

"எதிர்த்துப் பேசாத. மிரரைப் பாரு, மிரரை!"

மனைவி பயந்துபோய் மிரரைப் பார்த்தார். நகரம் முடிந்து கடலோரச் சாலை தொடங்கியது. கடல் மனைவி பக்கம்தான் இருந்தது. ஜன்னல் முழுக்க நீலம், ஓரத்தில் வெள்ளைப் படகுகள். தலையைத் திருப்பினால் போதும். திருப்பிய போதெல்லாம், "வேடிக்கை பாக்கவா வந்த?" என்று குரல் வந்தது. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. "கேக்குதா? உன்னைத்தான் திட்டறான்!" என்றார் மாஸ்டர். வளைவில் கார் கோட்டைத் தாண்டியது. "கோழி கழுத்து" வசனம் வந்தது. மனைவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவை மடியில் கைப்பையின் மேல் சும்மா இருந்தன.

முன்னறையில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னவர் அவர். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் கொடுக்கத்தான் யாரும் இல்லை.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார்.

"இங்க எதுக்கு?"

"நிறுத்துங்க."

கார் ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி நின்றது. கண்ணாடிக் கூரையின் கீழே ஒரு பெஞ்சு. மனைவி பெல்ட்டைக் கழற்றி இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அந்தச் சத்தமின்மைதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது.

"எங்க போற?" என்றார் ஜன்னல் வழியாக.

"கடலைப் பாக்க."

"அதுக்குத்தானே போயிட்டிருக்கோம்?"

"நீங்க போறீங்க. நான் திட்டு வாங்கிட்டிருக்கேன்."

தூரத்தில் பஸ் தெரிந்தது. மனைவி கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து அட்டையை எடுத்தார். பிறகு குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"நீங்களும் வாங்களேன். இதை இங்கயே விட்டுட்டு வாங்க. கடற்கரையைப் பாத்துட்டு இதே பஸ்ல திரும்பி வந்து எடுத்துக்கலாம். வாங்க."

மாஸ்டர் மேலே பார்த்தார். கம்பத்தில் வட்டமான பலகை, குறுக்கே சிவப்புக் கோடு. அதன் பொருளை அவர் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார்?

"இங்க நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கே" என்றார்.

மனைவியும் பார்த்தார். அவருக்கும் அது தெரியும், முன்னறைச் சுவரில் இரண்டாவது வரிசையில் இருப்பது.

"ஆமா. இருக்கு" என்றார்.

பஸ் வந்து, பெருமூச்சு விட்டு, அவருக்காகத் தாழ்ந்து நின்றது. ஏறிக்கொண்டார். கதவு மூடியது.

மாஸ்டர் பின்னாலேயே காரை எடுத்தார். முதல் வளைவு தாண்டியதும் வலது பக்கம் ஒரு பார்க்கிங் இருந்தது. மைதானம் போல விரிந்து கிடந்தது. நாலைந்து கார்கள்தான் நின்றன. அதன் வாசலிலேயே அடுத்த பஸ் ஸ்டாப். பஸ் அங்கே நின்று, ஒரு முதியவரை நிதானமாக ஏற்றிக்கொண்டது. காரை உள்ளே விட்டு, பூட்டி, நடந்துபோய் ஏறிக்கொள்ளத் தாராளமாக நேரம் இருந்தது. மாஸ்டர் இண்டிகேட்டரைக்கூடப் போட்டார். பிறகு, வாடகைக் காரை அநாதையாக விட்டுப் போவதா, அந்த அட்டை வேறு மகள் வீட்டு மேஜை மேல் கிடக்கிறதே, டிரைவர் ஏதாவது கேட்டால் அந்நிய பாஷையில் என்ன சொல்வது, அதுவும் அவள் முன்னால் என்றெல்லாம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டுப் பின்தொடர்ந்தார்.

பிற்காலத்தில் அந்தப் பார்க்கிங் அவருக்கு அடிக்கடி நினைவில் வந்தது. நினைவில் வரும்போதெல்லாம் இன்னும் பெரிதாக, இன்னும் காலியாக இருந்தது.

பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கடைசி வரிசையில் மனைவியின் தலை தெரிந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை முடிப் பெண்மணி. கொஞ்ச தூரம் இரண்டு தலைகளும் கடல் பக்கம் திரும்பியிருந்தன. பிறகு அந்தப் பெண்மணி பின்னால் வந்த சாம்பல் நிறக் காரைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். மனைவி திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் கையசைத்தார். மனைவி அசைக்கவில்லை. பெண்மணியின் பக்கம் திரும்பி, ஒரு கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் காற்றை இரண்டு முறை குத்தினார். பிறகு கழுத்தைச் சாய்த்து, கண்ணை உருட்டி, மேலே இல்லாத ஒரு கண்ணாடியைக் காட்டினார். தோள் குலுங்கியதைப் பார்த்தால் கீழே காலாலும் ஓங்கி மிதித்திருக்க வேண்டும்.

மாஸ்டருக்கு அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர்தான் அது. அச்சு அசல். விரல் குத்தும் கோணம் வரை பிசகவில்லை. பின் ஸீட்டில் உட்கார்ந்து முப்பது வருஷம் அவள் வேறு எதைப் பார்த்திருக்க முடியும்?

வெள்ளை முடிப் பெண்மணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மனைவியும் சிரித்தார். வாயை மூடாமல், கையால் மறைக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இந்தச் சிரிப்பு இவளிடம் இருந்ததா என்று மாஸ்டர் வியந்தார். பார்த்த ஞாபகம் இல்லை. பாதிச் சிரிப்பு ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெயிலில் மறைந்தது. அதைப் பார்க்கும் ஆசையில் நெருங்கிப் போனவருக்கு பஸ்ஸின் சிவப்பு விளக்கு எச்சரிக்கை செய்தது. "இடைவெளி விடு" என்றார் மாஸ்டர், காலி ஸீட்டைப் பார்த்து.

கடற்கரை ஊரில் மகள் சொன்னதுதான் நடந்தது. பஸ் கடற்கரை வாசலில் நின்றது. மாஸ்டருக்கு நிறுத்த இடமில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று வாதாடியவர் நினைத்த இடத்திலெல்லாம் பலகை இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரிந்தது. ஒரு சுற்றில் மனைவியும் அந்தப் பெண்மணியும் செருப்பைக் கையில் பிடித்துத் தண்ணீரில் நின்றார்கள். அடுத்த சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்து எதையோ பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த சுற்றில் பெண்மணி இல்லை. மலைமேல் எங்கேயோ காரைச் செருகிவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தபோது, மனைவி கால் விரல்களுக்கிடையே ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"நல்லா இருந்துச்சு."

"அந்த டிரைவர் பரவாயில்ல. வளைவெல்லாம் நல்லா எடுத்தான்."

"அப்படியா? நான் கவனிக்கல. கடலைப் பாத்துட்டிருந்தேன்."

மாஸ்டர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்தம்மா என்ன கேட்டாங்க, என்னைக் காட்டி?"

"யாரு அதுன்னு கேட்டிருப்பாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாஷை தெரியாதே. கையைக் காட்டினேன்."

"பாத்தேன்" என்றார் மாஸ்டர். "நல்லா செஞ்ச. என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தது. மன்னிப்புக் கேட்கிற சின்ன வார்த்தைதான், எந்தப் பாஷையிலும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்கே பாடம் சொன்ன வாய்க்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. "இருட்டறதுக்குள்ள கிளம்பலாம்" என்றார்.

காருக்கு வந்ததும் வலது பக்க முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் அவர் யாருக்கும் செய்யாத மரியாதை. மனைவி அவரைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கோபம் இல்லை. பழகின இடம்.

திரும்பும் வழியில் மாஸ்டர் வாய் திறக்கவில்லை. இடது கால் சும்மா இருந்தது. வளைவுகளில் கார் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அப்படி அவர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. அதைச் சொல்லிப் பாராட்டியிருக்க வேண்டியவர் பின்னால் தூங்கிவிட்டார்.

அடுத்த வருஷம் மகள் மறுபடி அழைத்தபோது மனைவி தனக்கு மட்டும் டிக்கெட் போடச் சொன்னார். "ஸ்கூலை யாரு பாத்துப்பாங்க?" என்று காரணமும் சொன்னார். நியாயமான காரணம். மாஸ்டரால் ஒரு ஓட்டைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

முன்னறை மேஜையை இப்போது மாஸ்டரே பார்க்கிறார். ஆறு மணிக்காரரை ஐந்து மணிக்கு வரச் சொல்லிக் குழப்புகிறார். திட்டுவதும் குறைந்துவிட்டது. வாயைத் திறந்தால் அந்த பஸ் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரல் காற்றைக் குத்துவது தெரிகிறது, மூடிவிடுகிறார். இதில் மாணவர்கள் கலங்கிப்போனார்கள். இப்போது கற்றுக்கொள்ளும் தையல்கார அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே கேட்டுவிட்டார்.

"என்ன மாஸ்டர், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"நல்லாத்தாம்மா ஓட்டறீங்க."

"பொய் சொல்லாதீங்க மாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு."

அப்போதுதான் போன் அடித்தது. மனைவி. பின்னணியில் இஞ்சின் உறுமலும் ஏதோ அறிவிப்பும் கேட்டன.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. எங்க இருக்க?"

"பஸ்ல. கடலோர ரோட்ல போயிட்டிருக்கேன். வண்டி ஓட்டறப்போ எதுக்குப் போன் எடுக்கறீங்க?"

"நான் எங்க ஓட்டறேன்?"

"அதுவும் சரிதான்."

மாஸ்டர் சிரிக்க முயன்றார். "பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. ஜன்னல் பக்கம் நான். இந்தப் பக்கம் பை."

"பையை மடியில வச்சுக்கயேன். யாராவது உட்காருவாங்க."

மறுமுனையில் பஸ் ஏதோ ஸ்டாப்பில் நின்று பெருமூச்சு விட்டது.

"இருக்கட்டும்" என்றார் மனைவி. "யாரும் கேக்கல."